துண்டு: நம் மலையில் விடுதலைக்கு இருந்த பெயர்



விடுதலை என்றதும் நாம் சிறையையும் நாட்டையும்தான் நினைக்கிறோம். நம் தோட்டங்களில் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. அதுதான் "துண்டு".

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வந்த நம்மவர்கள், வழிச்செலவையும் முன்பணத்தையும் கடனாகச் சுமந்தே வந்தார்கள். அந்தக் கடன் தீராமல் தோட்டம் மாற வழியில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை.

போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டுக் காகிதம் தருவார். "இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன்" என்பதே அதன் பொருள். புதிய தோட்டத்துத் துரை பணம் கட்டுவார். கங்காணியோடு ஆட்களும் போவார்கள், கடனும் கூடவே போகும். பெயர் விடுதலைச் சீட்டு, உள்ளே இருந்தது விலைச் சீட்டு.

தொழிலாளரைச் சிறையில் தள்ளும் சட்டத்துக்கு எதிராகச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

நம் பெரியவர்கள் வாயில் "பத்துச்சீட்டு" என்ற சொல்லும் உண்டு. கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு. லயத்துக் காம்பராவும் தோட்டத்துடையது என்பதால், வேலை போனால் வீடும் போனது. துண்டு கிடைக்காதவர் போக முடியாதவர், பத்துச்சீட்டு கிடைத்தவர் இருக்க முடியாதவர். இரண்டிலும் முடிவெடுத்தது துரையின் கையெழுத்துத்தான்.

அரபியில் "ரகபா" என்றால் கழுத்து. அடிமையை விடுவிப்பதைக் குர்ஆன் கழுத்தை விடுவிப்பதாகவே சொல்கிறது. ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அடிமைகளும் கடன்பட்டவர்களும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். கடனும் கழுத்துக் கயிறுதான் என்பதை நம் மலையின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

ஆகவே பஸாரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுங்கள். முடிந்தால் கடன் கொப்பியில் ஒரு பெயரை வெட்டிவிடுங்கள். அதுவும் விடுதலைதான்.

வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய சீட்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். பாட்டன் பாட்டியிடம் இந்தச் சொற்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும்.