வேலை தேடிய கதை: அட்டையிலிருந்து இணையம் வரை

பழைய டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது என் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டை கிடைத்தது. 1971-இல் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த கையோடு பதிந்தது. ஓரமெல்லாம் மக்கிவிட்டது; புதுப்பித்த ரப்பர் ஸ்டாம்புகள் மட்டும் தெரிகின்றன. பேத்தி பார்த்துவிட்டு, "இது என்ன தாத்தா, ரேஷன் கார்டா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் முதலில் நமக்காக வந்தவையே அல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-இல், பட்டாளத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரத் தொடங்கப்பட்டவை. 1948-இல்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது. 1956-இல் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959-இல் ஒரு சட்டம் வந்து, காலியிடங்களைக் கட்டாயம் இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அது தெரியாமலேயே நாங்கள் வரிசையில் நின்றோம்.

அந்த வரிசைக்குப் பெயர் பதிவு மூப்பு. முன்னால் பதிந்தவனுக்கு முன்னால் கார்டு வரும். எனக்கு ஏழு வருடம் கழித்து, 1978-இல் வந்தது. அரசு சார்ந்த நிறுவனம் ஒன்றில் தட்டச்சர் வேலை. சிபாரிசு இல்லாத எனக்கு அந்த வரிசைதான் சிபாரிசு.

ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் மூப்பு போய்விடும். என் தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர். 1976-இல் பதிந்தவன். 1985-இல் வெளியூரில் ஒரு பட்டறையில் இருந்தான். "நீங்க புதுப்பிச்சிடுங்கண்ணா" என்று அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அலுவலக வேலை, வீட்டில் பிரசவம் என்று நான் மறந்தே போனேன். ஞாபகம் வந்து ஓடியபோது சலுகை நாளும் தாண்டியிருந்தது. ஒன்பது வருட மூப்பு போயிற்று. புதிதாகப் பதிந்தான். கடைசிவரை கார்டு வரவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பத்திரிகை விளம்பரங்கள்தான் துணை. புதன்கிழமை ஹிண்டுவுக்காக நூலகத்தில் காத்திருந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பச்சை மை ஆபீசரைத் தேடிப் பிடித்து அட்டெஸ்டேஷன், போஸ்டல் ஆர்டர், சுயவிலாசமிட்ட உறை! 1996-இல் உச்ச நீதிமன்றமும், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிப்பவர்களையும் பார்க்க வேண்டும் என்றது. வரிசை அப்போதே தளர ஆரம்பித்துவிட்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் முன்பு ஹார்லிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே எல்லாரும் ஒரு வணிகப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்தே புரட்டுவதைக் கவனித்திருக்கிறார். வேலை விளம்பரங்கள் அங்கேதானே இருக்கும்! 1996-இல் டில்லியில் ஒரு கண்காட்சியில் இணையத்தைப் பார்த்தவருக்கு அது நினைவுக்கு வந்தது. 1997-இல் நௌக்ரி தொடங்கியபோது, பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைத்தான் டைப் செய்து ஏற்றினார்கள். நாம் நூலகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டதை அவர்கள் கம்ப்யூட்டரில் செய்தார்கள், அவ்வளவுதான்.

2002-இல் என் மகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தாள். அமெரிக்க டாட்காம் கம்பெனிகள் சரிந்திருந்த சமயம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டருக்குத் துணைக்குப் போவேன். பயோடேட்டாவை ஏற்றினாள். அட்டெஸ்டேஷன் வேண்டாமா என்று கேட்டேன், சிரித்தாள். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்த வரிசையில் நின்றவன் நான். அவளுக்கு அதுவும் தெரியாது.

ஒரு ஞாயிறு மெயிலைத் திறந்தால், முந்தின திங்களன்றே ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. தேர்வு வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. தபால்காரர் வாசலில் வந்து நிற்பார் என்றே பழகிவிட்ட எனக்கு, கடிதத்தை நாமே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. "வாரம் ஒரு தடவை போதும்" என்று சொன்னதும் நான்தான். தம்பியின் அட்டைதான் கண்ணில் நின்றது. மறுநாளிலிருந்து தினமும் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது.

தம்பி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டான். இப்போது அங்கேதான் ஊர்ப் பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுகிறார்கள். வேலைவாய்ப்புப் பதிவும் ஆன்லைனில் வந்துவிட்டது. ஆனால் மூன்று வருடக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது அடுத்து புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதித் தருகிறான். அந்த 1985-ஐப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.