குதிரைப் பண்ணையிலிருந்து உலகச் சந்தைக்கு



கதிர் அறுக்கையில் அரிவாள் பட்டாலும், தொழுவத்தில் துருப்பிடித்த ஆணி குத்தினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரணஜன்னி ஊசி போட்டுக்கொள்கிறோம். இந்த ரணஜன்னி மருந்தில் தொடங்கி உலகம் முழுக்கத் தடுப்பூசி விற்கும் ஒரு கம்பெனியின் கதையை இன்று சொல்கிறேன். கதை தொடங்குவது ஒரு குதிரைப் பண்ணையில்.

மகாராஷ்டிராவில் உள்ள புனேயில் பூனாவாலா குடும்பத்தார் பந்தயக் குதிரை வளர்த்து வந்தார்கள். வயதான குதிரைகளைப் பம்பாயில் இருந்த ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அங்கே வீரியம் குறைத்த ரணஜன்னி விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. விஷத்தை முறிக்கும் சத்து அதன் ரத்தத்தில் ஊறிவிடும். அளவாக ரத்தம் எடுத்து உறையவிட்டால், மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதைச் சுத்தம் செய்தால் மருந்து.

குதிரை நம்முடையது, மருந்தை மட்டும் ஏன் வேறொருவர் செய்ய வேண்டும் என்று யோசித்தார் சைரஸ் பூனாவாலா. 1966-ல் புனேயிலேயே சீரம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார்.

சீரம் தரும் காவல் சில வாரந்தான். அது கூலிக்கு வைத்த காவல்காரன் மாதிரி. தடுப்பூசி அப்படியில்லை, நம் உடம்புக்கே காவல் காக்கக் கற்றுக்கொடுக்கிறது. எனவே கம்பெனி தடுப்பூசிக்கு மாறியது. 1974-ல் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்த முத்தடுப்பு ஊசி வந்தது. 1989-ல் தட்டம்மை ஊசி வந்தது.

நல்ல சரக்கானாலும் தரம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? 1994-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுத்தது. அதன்பின் யுனிசெஃப் போன்ற அமைப்புகள் ஏழை நாடுகளுக்காக மொத்தமாக வாங்கின. ஊசி ஒன்றுக்கு லாபம் சொற்பம். ஆனால் கோடிக்கணக்கில் விற்றதால் கம்பெனி வளர்ந்தது.

ஆப்பிரிக்கக் கதையைக் கேளுங்கள். செனகல் முதல் எத்தியோப்பியா வரை வறட்சிக் காலத்தில் மூளை உறைக் காய்ச்சல் பரவும். 1996, 97-ல் இரண்டரை லட்சம் பேருக்குக் கண்டு, சுமார் 25,000 பேர் மாண்டார்கள். அந்த நாடுகளால் ஊசி ஒன்றுக்கு அரை டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த விலைக்குப் பெரிய மேல்நாட்டுக் கம்பெனிகள் முன்வரவில்லை. புனே கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த மருந்துக்குத் துணைச்சரக்காகச் சேர்ந்தது எது தெரியுமா? வீரியம் எடுத்த அதே ரணஜன்னி விஷம்! 2010 டிசம்பரில் புர்க்கினா ஃபாசோவில் ஊசி போடத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் 30 கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று. ஊசி போட்ட இடங்களில் அந்த வகைக் காய்ச்சல் அநேகமாக ஒழிந்தது.

2012-ல் நெதர்லாந்து அரசின் தடுப்பூசித் தொழிற்சாலையையே இந்தக் கம்பெனி வாங்கிக்கொண்டது. போலியோ ஊசி செய்யும் நுட்பமும் அதோடு வந்தது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2021-ல் கொரோனா ஊசிக்குப் பல ஏழை நாடுகள் இந்த ஒரே கம்பெனியைப் பெரிதாக நம்பியிருந்தன. நம் நாட்டிலேயே நோய் கடுமையானதும் மார்ச் மாத வாக்கில் ஏற்றுமதி நின்றது. பல மாதம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. அதுவரை அந்த நாடுகள் காத்துக் கிடந்தன. ஒரே கிணற்றை நம்பி ஊர் முழுக்க நாற்று விட்டால் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு இதில் பாடம் என்ன? நாம் நிலக்கடலையை மூட்டையாக விற்கிறோம், எண்ணெயை விலை கொடுத்து வாங்குகிறோம். விளைபொருளைப் பண்டமாக்குகிறவன் கைக்குத்தான் காசு போகிறது. தனி ஆளாக முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து செக்கு வைக்கலாம். ஆனால் தரம் கெடக்கூடாது, விலையும் வாங்குகிறவன் கைக்கு எட்ட வேண்டும். ஒரே வியாபாரியை நம்பியும் இருக்கக்கூடாது. யோசித்துப் பாருங்கள்.