சாய்வெட்டு வாள் இடைத்தகடு

சாய்வெட்டு வாள் இடைத்தகடு என்பது சாய்வெட்டு வாளின் சுழல்மேசையில், வட்ட அலகு இறங்கும் பிளவைச் சூழ்ந்து பொருத்தப்படும், கழற்றி மாற்றத்தக்க தகடு ஆகும். பட்டறைகளில் மைட்டர் சா என்று வழங்கும் இக்கருவியின் மின்விசை வடிவத்தை அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் உருவாக்கியது. சன்னல், படச்சட்டம் முதலியவற்றின் மூலை இணைப்புகளை அறுக்க இது பயன்படுகிறது.

தேவை

வாளுடன் வரும் தகட்டின் பிளவு, அலகைச் சாய்த்தும் அறுக்க இடம் தரும் வகையில் அகலமாக விடப்படுகிறது. அலகின் வெட்டுத் தடிப்போ பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. வரை மட்டுமே. பிளவின் மேலுள்ள மர இழைகளுக்கு அடியில் தாங்கல் இல்லாததால், அலகின் பற்கள் வெளியேறும்போது அவை சிலாம்பாகப் பிய்கின்றன. சிறு துண்டுகள் பிளவில் விழுந்து, அலகில் சிக்கித் தெறிப்பதும் உண்டு. வெட்டுத் தடிப்பின் அளவுக்கே பிளவு கொண்ட தகட்டைப் பட்டறையிலேயே செய்து பொருத்தினால் இவ்விரண்டும் குறையும்.

மூலப்பொருள்

ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். பலகை, அக்ரிலிக், கடின பாலித்தீன் ஆகியவை ஏற்றவை. இரும்புத் தகடு அலகின் கார்பைடு பற்களைச் சிதைக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தலாகாது. மரப்பலகையும் எம்.டி.எஃப். பலகையும் ஈரத்தில் உப்பும். வடகிழக்குப் பருவமழை பெறும் அவிநாசி, திருப்பூர் பகுதிகளில், கோடையில் இறுக்கமாகப் பொருத்திய தகடு ஐப்பசி, கார்த்திகையில் மேசை மட்டத்திற்கு மேல் எழக்கூடும். ஓரங்களில் மெழுகு அல்லது வார்னிஷ் பூசுவது இதைக் குறைக்கும்.

செய்முறை

# வாளின் மின்இணைப்பைத் துண்டித்துப் பழைய தகட்டைக் கழற்ற வேண்டும்.
# அதனை அச்சாக வைத்து, அதே தடிப்புள்ள பலகையில் வடிவத்தையும் துளைகளையும் குறிக்க வேண்டும். பிளவைக் குறிக்கக் கூடாது.
# வெட்டியெடுத்து, மேசையின் மட்டத்திற்குச் சரியாக அமையும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.
# திருகாணித் தலைகள் மேற்பரப்புக்குக் கீழே அமிழுமாறு குழித்து முடுக்க வேண்டும். அலகின் பாதையில் திருகாணி வரலாகாது.
# மின்இணைப்பு கொடுத்து, அலகு முழு வேகம் அடைந்தபின் மெதுவாக இறக்கிப் பிளவை அறுக்க வேண்டும். இரு முனைகளையும் அறுக்காமல் விடாவிட்டால் தகடு இரண்டாகிவிடும்.

வரம்புகள்

மேசையை இடமோ வலமோ திருப்பும்போது தகடும் உடன் திரும்புவதால், எக்கோணத்திற்கும் அதே பிளவு பொருந்தும். அலகையே பக்கவாட்டில் சாய்த்தால் மட்டும் பிளவு அகன்று தகடு பயனற்றதாகும். ஆகவே சாய்வு வெட்டுக்கெனத் தனித் தகடு செய்து வைப்பது வழக்கம். வெட்டுத் தடிப்பு வேறான அலகை மாற்றும்போதும் புதிய தகடு தேவைப்படும்.

மேசை மட்டத்திற்கு மேல் எழுந்த தகட்டில் மரம் ஆடும். வெட்டுக் கோணமும் பிசகும். தளர்ந்த தகடு அலகில் உரசக்கூடும் என்பதால் திருகாணிகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். துண்டுகளை எடுக்கும்முன் அலகு முழுமையாக நிற்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க
* தச்சுத்தொழில்
* வட்ட வாள்
* ஒட்டுப்பலகை

பகுப்பு: மரவேலைக் கருவிகள்