புளியஞ்சோலைச் சாலையும் என் கைக்கடிகாரமும்

துறையூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் புளியஞ்சோலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலை அடிவாரம், பாறைகளுக்கு நடுவே இறங்கி வரும் அய்யாறு. 1982 வாக்கில், முப்பது வயதில், விடிகாலையில் அந்தச் சாலையில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுவேன். கையில் கடிகாரம் இருக்கும். ஐம்பது நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரோடும் சரியாகப் பேச மாட்டேன்.

நாற்பத்தாறு வயதில் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்காலும் வலித்தது. வெட்கப்பட்டு ஓட்டத்தையே விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொன்னேன். என்னோடு ஓடிய அலுவலக அண்ணன் ஒருவர் மட்டும் தினமும் வாசலில் வந்து, "மெதுவாவே போவோம், வா தம்பி" என்று கூப்பிடுவார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

இது எனக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. முப்பதைத் தாண்டினால் உடம்பு பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பயிற்சி அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அதனால்தான் வயதுவாரியாகப் போட்டி வைக்கும் வழக்கம் வந்தது. மூத்தோருக்கான முதல் உலகத் தடகளப் போட்டி 1975-இல் கனடாவின் டொராண்டோவில் நடந்தது.

ஓட்டத்தின் வகையை மாற்றிக்கொண்டு ஜெயித்தவர்களும் உண்டு. போர்ச்சுகலின் கார்லோஸ் லோப்பஸ் 1976 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு மாரத்தானுக்கு மாறி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 37 வயதில் தங்கம் வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் எட் விட்லாக். இங்கிலாந்தில் இளமையில் ஓடியவர். கனடாவுக்குப் போய்ச் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்தபோது ஓட்டம் நின்றுபோயிற்று. நாற்பதுகளில் மறுபடி தொடங்கினார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தையே மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவார். 2003-இல் 72 வயதில் மாரத்தானை 2 மணி 59 நிமிடத்தில் முடித்தார். எழுபதைக் கடந்த ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தது உலகத்தில் அதுவே முதல் தடவை. 2016-இல் 85 வயதில் அதே தூரத்துக்கு அவருக்கு 3 மணி 56 நிமிடம் ஆயிற்று. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதல். அதற்காக அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

நம் ஊரிலும் ஆள் இருக்கிறார். சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன் 2004-இல் விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர். அதன் பிறகுதான் நெடுந்தூரம் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

விட்லாக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு 52 வயது. மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாலைக்குப் போனேன். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். பொழுது விடிந்து மலை தெரிவதை அன்றுதான் நின்று பார்த்தேன். அத்தனை வருடம் முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன்.

வாசலில் வந்து கூப்பிட்ட அண்ணன் அதற்கு முந்தின வருடமே காலமாகிவிட்டார். அவரோடு மெதுவாகப் போயிருக்கக்கூடிய ஆறு வருடத்தை நானே தொலைத்தேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன், நடைதான் அதிகம். உங்கள் வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், வேகத்தை நினைக்காமல் எழுந்து போய்விடுங்கள்.