குருதிக் கிருமியும் மூன்று நாள் காத்திருப்பும்

ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனை தொடங்கப்பட்ட 1955-ஆம் ஆண்டில், பென்சிலின் பொதுமக்கள் கைக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன; மருந்துக்கு அடங்காத கிருமி என்பது அன்று தமிழகச் சிற்றூர்களின் கவலையாக இருக்கவில்லை.

குருதியில் கிருமி புகுந்ததை அறிய அன்று முதல் இன்றுவரை அடிப்படையாக விளங்குவது பிளட் கல்ச்சர் எனும் குருதி வளர்ப்புச் சோதனையே. எட்டு, பத்து மில்லி குருதியை ஊட்டக் குழம்புக் குப்பியில் செலுத்தி உடல் வெப்பத்தில் வைத்தால், கிருமி இருப்பின் பெரும்பாலும் ஓரிரு நாளில் குழம்பு கலங்கும். பின்னர் அதை அகார் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் அளப்பர். இதற்குள் மூன்று நாள் கழிய, அதுவரை தரப்படும் மருந்து, தேர்ந்த ஊகம்தான்.

அந்த ஊகம் பொய்க்கும் அபாயத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியிட்ட ஆய்வு வெளிச்சமிட்டது: கார்பபெனம் எனும் வலிய மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியுடைய 44 கிருமி மாதிரிகள் சென்னையில் கிடைத்திருந்தன. நொதியின் பெயரில் புதுடெல்லி இடம்பெற்றதற்கு எழுந்த கூச்சல், செய்தியையே அமுக்கிவிட்டது.

மரபணுவைப் பன்மடங்காக்கிக் காட்டும் விரைவுச் சோதனை, குப்பி கலங்கிய ஓரிரு மணி நேரத்தில் அந்நொதியின் மரபணுவைக் காட்டிவிடும். ஆயினும் தேடச் சொன்ன மரபணுவை மட்டுமே அது தேடுமாதலால், அகார் தட்டும் அளவுகோலும் ஆய்வகத்தை விட்டு அகலவில்லை.