உச்சிவேளை வானத்தில் இருந்தவர்கள்

ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நம் உச்சிவேளை வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த வெண்முதுகுப் பாறு, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், நம் கண்ணெதிரே, நாம் கவனிக்காமலே போய்விட்டது. இனம் முற்றாக அற்றுவிடவில்லை. மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் நேபாளத்துத் தராய்ச் சமவெளியிலும் கம்போடியக் காடுகளிலும் எஞ்சியவை வாழ்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர், சாலையோரத்து மரத்துக்கு மரம், எவரும் நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லாத அளவுக்கு எங்கும் நிறைந்திருந்ததே, அந்தப் பாறு இன்று இல்லை. பிணந்தின்னிக் கழுகு என்று ஊர் அதை அழைத்தது. தாத்தா பாட்டிகள் அதை நாள்தோறும் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் படத்தில் பார்க்கிறார்கள்.

அதை அழகென்று யாரும் சொன்னதில்லை. இறகற்ற நீண்ட கழுத்து, கரிய உடல், முதுகின் கீழ்ப்புறத்தில் மட்டும் ஒரு வெண்பட்டை, தரையில் நடக்கும்போது தடுமாறும் நடை. ஆனால் வெயிலேறி மண் சூடாகும்வரை மரக்கிளையில் பொறுமையாகக் காத்திருந்து, வெப்பக்காற்று எழும்பியதும் அதன்மேல் ஏறி, இரண்டு மீட்டருக்கும் மேல் விரியும் இறக்கைகளை ஒருமுறைகூட அடிக்காமல் மணிக்கணக்காக மிதந்ததைக் கண்டவர்கள், தரையில் பார்த்த பறவையா இது என்று வியந்திருப்பார்கள். மோப்பம் பிடித்து அது இரை தேடவில்லை, கண்ணால் தேடியது. தரையை மட்டுமல்ல, தொலைவில் பறக்கும் தன் இனத்தாரையும் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒன்று இறங்கினால் அதைக் கண்ட மற்றொன்று வரும், அதைக் கண்டு வேறொன்று வரும். அரைமணி முன்புவரை வெறுமையாகக் கிடந்த வானத்திலிருந்து நூறு பறவைகள் ஒரு மாட்டின் மேல் வந்து இறங்குவது அப்படித்தான்.

ஏரில் பூட்டிய காளையும் கறவை வற்றிய பசுவும் செத்தால், ஊர் எல்லைக்கு வெளியே புறம்போக்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தோலை உரிக்கும் வேலை சில மனிதர்கள் தலையில் சுமத்தப்பட்டது. அந்த மனிதர்களை ஊர் விலக்கியே வைத்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. தோல் போன பிறகு மிச்சமெல்லாம் பாறுகளின் பொறுப்பு. ஒரு முழு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளை எலும்பாக்கிவிட்டு எழும்பும். நாற்றமில்லை, ஈ மொய்ப்பதில்லை, கிணற்றிலும் குளத்திலும் அழுகல் கலப்பதில்லை. எலும்பு பொறுக்குகிறவர்கள் பிறகு வந்து, சுத்தமான எலும்பை உரத்துக்கும் பசைக்கும் அள்ளிப் போனார்கள். உயிருள்ள எதையும் கொல்லாமல், கூலி எதுவும் கேட்காமல் நடந்த பணி இது.

தமிழர் நினைவில் பாறு வெறும் துப்புரவுப் பறவையாக மட்டும் இருந்ததில்லை. சங்கப் புலவர்களின் போர்க்களங்களில் அது வீழ்ந்தவர்மேல் வட்டமிட்டது. சீதையைக் காக்கப் போராடி இறக்கை அறுபட்டு விழுந்த சடாயுவுக்கு இராமனே மகனாக இருந்து ஈமக்கடன் செய்ததாகச் சொல்லும் தலம், காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியில் இருக்கிறது. வைத்தீசுவரன் கோயிலிலும் சடாயு குண்டம் உண்டு. திருக்கழுக்குன்றத்து மலைமேல் குருக்கள் வைத்த சர்க்கரைப் பொங்கலை நண்பகலில் வந்து உண்ட இரு பறவைகள் வேறு வகை, மஞ்சள்முகப் பாறு. காசியிலிருந்து வருவதாக அடியார்கள் நம்பிக் காத்திருந்த அவையும் தொண்ணூறுகளுக்குப் பிறகு வரவில்லை. ஒரு கழுகுக்குத் தன் கடவுளின் கையால் இறுதிச்சடங்கு செய்துவைத்த மரபில் வந்தவர்கள் நாம் என்பதால், இந்த இழப்பு நமக்குக் கூடுதலாகவே உறைக்கிறது.

வெண்முதுகுப் பாறு வாழ்ந்த காலத்தில் நிறைவாகவே வாழ்ந்தது. மாட்டை வளர்த்து, உழைப்பை வாங்கி, ஆனால் பெரும்பாலும் தின்னாமல் விட்ட நாட்டில் அதற்கு உணவுக்குப் பஞ்சமில்லை. எண்பதுகளில் இதைப் பற்றி எழுதிய பறவையியலாளர்கள், உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பெரிய இரைகொல்லிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று கருதினார்கள். டெல்லி மாநகரத்துச் சாலை மரங்களிலேயே நூற்றுக்கணக்கான இணைகள் கூடு கட்டியிருந்தன. விமானங்களோடு மோதும் ஆபத்து என்ற கவலைதான் அப்போது பாறுகளைப் பற்றி அரசுக்கு இருந்த கவலை. அவ்வளவு மலிந்திருந்த ஒன்றை உட்கார்ந்து எண்ணவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு சிலருக்குத் தோன்றியது. ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் எண்பதுகளில் இரைகொல்லிப் பறவைகளை ஆய்ந்தபோது பாறுகளின் கூடுகளையும் எண்ணி வைத்தார். 1987-88 பருவத்தில் 353 கூடுகள். பிற ஆய்வுகளுக்குப் போய்விட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் திரும்பி வந்து எண்ணியபோது 1996-97-இல் 150. மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகளின் கழுத்து தொங்கிக் கிடந்தது. நாள்கணக்கில் அப்படியே தலை கவிழ்ந்திருந்து, பிறகு கிளையிலிருந்து விழுந்து செத்தன. சில கிளையிலேயே மாட்டிக்கொண்டு தொங்கின. உணவு குறையவில்லை, மரங்கள் வெட்டப்படவில்லை, பூங்கா பாதுகாப்பாகத்தான் இருந்தது. அடுத்த சில பருவங்களில் அங்கே கூடுகளே இல்லாமல் போயின.

பரத்பூரின் பழைய குறிப்பேடு இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சாவு நமக்குத் தெரிய இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. நாடு முழுவதும் 1991 முதல் 1993 வரை சாலை வழியே வண்டியில் போய் எண்ணியிருந்த தடங்களில், 2000-இல் மறுபடியும் அதே சாலைகளில் போய் எண்ணினார்கள். பிறகும் சில ஆண்டு இடைவெளிகளில் எண்ணினார்கள். பாறையுச்சியில் கூடு கட்டும் கருங்கழுத்துப் பாறுகளும், வடக்கே கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் வாழ்ந்த மெல்லிய அலகுடைய பாறுகளும் நூற்றில் மூன்று அளவுக்குச் சுருங்கியிருந்தன. வெண்முதுகுப் பாறு 2007-இல் 1992-இல் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்காகியிருந்தது. பார்த்துப் பழகிய சாலையில் நாள் முழுவதும் வண்டி ஓட்டிப் போய், குறிப்பேட்டின் கட்டத்தில் சுழியம் எழுதித் திரும்புவதும் ஆராய்ச்சிதான். அந்த வேலையைச் செய்தவர்களின் மனத்துயரத்துக்கு எந்த ஆய்விதழிலும் இடமில்லை.

என்ன நோய் என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. புதிய வைரஸ் என்று பலர் நினைத்தார்கள். பூச்சிமருந்து என்று சிலர். நம் வெயிலில் செத்த உடல் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும் என்பதால் அறுத்துப் பார்ப்பதும் எளிதாயில்லை. விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. அங்குள்ள பாறுக் குடியிருப்புகளில் 2000 முதல் செத்த பறவைகளைத் தேடித் தேடிச் சேகரித்து அறுத்தார்கள். அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ் அந்தக் குழுவின் தலைவர். பரிசோதித்த உடல்களில் 85 விழுக்காட்டில் ஒரே காட்சி: ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம். சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற வழியின்றி உடலுக்குள்ளேயே படிந்துபோன யூரிக் அமிலத்தின் படிகங்கள் அவை. வைரஸ் கிடைக்கவில்லை, பூச்சிமருந்து கிடைக்கவில்லை, ஈயமோ பாதரசமோ காரணமில்லை. அப்போதுதான் அவர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பறவைகள் தின்பதெல்லாம் வீட்டு மாடுகளைத்தானே, அந்த மாடுகளுக்கு அண்மைக் காலத்தில் புதிதாக என்ன கொடுக்கிறார்கள்? மாட்டு மருந்துக் கடைகளில் விசாரித்தபோது டைக்ளோஃபினாக் என்ற பெயர் வந்தது. நம் வீடுகளிலும் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்கும் அதே மருந்து. படிகம் படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் முடிவு வெளியானது.

துக்கத்திலும் பெருந்துக்கம் என எனக்குப் படுவது இதுதான். யாரும் பாறுக்கு நஞ்சு வைக்கவில்லை. நொண்டும் காளையின் வலி பொறுக்காமல், மடிவீக்கத்தில் தவிக்கும் பசுவைப் பார்க்க மாட்டாமல், கையில் இருந்த கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஒரு ஊசி போடச் சொன்னார்கள். அன்பினால் போடப்பட்ட ஊசி அது. மாடு பிழைத்தால் நல்லது. ஊசி போட்ட சில நாளில் செத்துவிட்டால், அந்த மருந்து அதன் உடலில் இருந்து பாறுகளின் சிறுநீரகத்துக்குப் போனது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கவேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். கூட்டமாக வந்து ஒன்றாக உண்ணும் பழக்கம், அத்தனை காலம் அவற்றை வாழவைத்த பழக்கம், ஒரே பந்தியில் ஒரு குடும்பத்தையே கொண்டுபோனது. ஆண்டுக்கு ஒரே முட்டை இட்டு, ஐந்து வயதுக்குமேல்தான் தானும் கூடு கட்டத் தொடங்கும் பறவையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அவை போன பிறகுதான் அவை செய்தது என்னவென்று தெரிந்தது. ஊர்ப்புறத்தில் உடல்கள் நாள்கணக்கில் கிடந்து அழுகின. தெருநாய்கள் அங்கே பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகியது. மும்பை மலபார் குன்றில் தம் முன்னோரை அமைதிக் கோபுரத்தில் பாறுகளிடம் ஒப்படைத்து வந்த பார்சி மக்கள், வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை நிறுவிப் பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000-க்கும் 2005-க்கும் இடையே ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று இரு பொருளியலாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள்.

2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மாற்றாக இருந்தது. மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகளை மாட்டுக்கும் போட்டார்கள் என்பதால் 2015-இல் குப்பியின் அளவை மூன்று மில்லியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. கீட்டோப்ரோஃபென் என்ற மற்றொரு மருந்தும் பாறுகளைக் கொல்கிறது என்பது 2010-க்குள் உறுதியாகிவிட்டது. நாடு முழுமைக்குமான தடை 2023-இல்தான் வந்தது. தெரியாமல் ஊசி போட்ட உழவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தெரிந்த பின்னும் கழிந்த இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை அப்படி மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டுக்குள் வளர்த்துப் பெருக்கிய வெண்முதுகுப் பாறுகளில் சிலவற்றை 2020-இல் வெளியே விட்டார்கள். நம் பக்கத்தில் முதுமலையும் சத்தியமங்கலமும் சேரும் மோயாற்றங்கரையில், ஓடைகளை ஒட்டி ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றிலும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் நின்று எண்ணுகிறார்கள். கணக்கு சில நூறைத் தாண்டுவதில்லை. காட்டு மானும் காட்டெருமையும் புலி விட்டுப்போன மிச்சமும் கிடைப்பதால்தான் அவை அங்கே தப்பின. ஆனால் பசித்த பாறு காட்டின் எல்லையில் நிற்பதில்லை; ஒரே நாளில் பல ஊர்களின் மேல் பறந்துவிடும். இந்தப் பருவத்தில் நீர்மருதில் பொரித்த குஞ்சு தானும் ஒரு முட்டையிட ஐந்தாறு ஆண்டாகும். அதற்குள் எத்தனை மாடுகளின் மேல் அது இறங்குமோ, அந்த மாடுகளுக்குக் கடைசியாகப் போட்ட ஊசி எதுவென்று வளர்த்தவருக்கும் ஊசி போட்டவருக்கும் மட்டுமே தெரியும்.