கதிரை உள்ளவன் குடிக்கலாம்

2024 ஏப்ரல் 1 முதல் ஹம்பேர்க் பிரதான புகையிரத நிலையத்தின் முன்றல்களில் மது அருந்துவது தடை. ஹக்மான் சதுக்கமும் ஹைடி காபெல் சதுக்கமும் இந்தத் தடைக்குள் வருகின்றன. அதற்கு ஆறு மாதம் முன்னர், 2023 ஒக்ரோபர் 1 முதல், அங்கே ஆயுதம் வைத்திருப்பதும் தடைசெய்யப்பட்டிருந்தது. பயணிகளின் பாதுகாப்பு என்பது நகர அரசு சொன்ன காரணம். நாளொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடந்துபோகும் நிலையம் என்பதால் அந்தக் காரணத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

கணினித் துறையில் இருக்கிறவனுக்கு விதியைவிட விதிவிலக்கில்தான் கண் போகும். அதே சதுக்கத்தில் உரிமம் பெற்ற உணவகம் வெளியே போட்டிருக்கும் மேசைக்கு இந்தத் தடை இல்லை. பத்து மீற்றர் தள்ளி வாங்கில் இருக்கிறவர் கையில் அதே பியர் இருந்தால் பொலிஸ் வரும். இதை அதிகாரிகளின் முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியில் குடிப்பதை அரசு எப்படி ஒழுங்குபடுத்தி வந்திருக்கிறது என்ற நீண்ட கதை இந்த விதிவிலக்குக்குள் இருக்கிறது.

ஹம்பேர்க் பியரால் வளர்ந்த நகரம். 1376இல் இங்கே 457 பியர் வடிப்போர் இருந்ததாகக் கணக்கு. அம்ஸ்ரடாமுக்கும் அதற்கு அப்பாலும் பீப்பா பீப்பாவாகக் கப்பலேறியது. ஆனால் அந்த நகரமே களியாட்டத்தைத் தன் மதிலுக்கு வெளியே வைத்தது. இரவானால் வாயில்கள் மூடப்படும், பிந்தி வருகிறவர் காசு கட்டித்தான் உள்ளே வரலாம். இந்த வழக்கம் 1860 முடியும்வரை இருந்தது. மதிலுக்கு வெளியே கிடந்த 'ஹம்பேர்கர் பேர்க்' என்ற மேட்டுநிலத்தில்தான் மாலுமிகளுக்கான கூத்துக் கொட்டகைகளும் மதுச்சாலைகளும் முளைத்தன. 1833இல் அதற்கு சங்க்ட் பவுலி என்று பெயர் மாறியது. அதையும் தாண்டினால் அல்ரோனா, 1864வரை டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த வேற்றூர். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் 'கிறோஸ ப்றைகைட்' தெருவின் பெயருக்குப் 'பெரும் சுதந்திரம்' என்று பொருள். பலரும் நினைப்பதுபோல அது குடிக்கும் கூத்துக்கும் உள்ள சுதந்திரம் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்களுக்குக் கிடைத்த மதச் சுதந்திரமும் தொழிற் சுதந்திரமுமே அந்தப் பெயர்.

மதில் போனபின் சட்டம் வந்தது. 1869இன் தொழில் ஒழுங்குச் சட்டம் மதுச்சாலை நடத்த அனுமதி வேண்டும் என்றது. பிறகு 1930இல் வைமார் குடியரசு மதுச்சாலைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அந்தக் காலத்து மதுவிலக்கு இயக்கத்தார் கேட்டது வேறு. ஒவ்வொரு ஊர் மக்களும் வாக்களித்துத் தங்கள் ஊரில் மதுச்சாலை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். அது கிடைக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. ஜேர்மனியர் கேட்டுப் பெறாத அந்த வாக்குரிமை பிரித்தானியரின் கீழ் இருந்த இலங்கையில் நடைமுறையில் இருந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பின் பின்னர், ஊர் ஊராக வாக்கெடுப்பு நடத்தித் தவறணைகளை மூடும் முறை வந்தது. யாழ்ப்பாணத்திலும் தவறணைகள் இப்படி மூடப்பட்டன. ஆங்கிலம் படித்த பெரியவர்களுக்கு அது ஒழுக்கத்தின் வெற்றி. மரமேறிக் கள் இறக்கியவர்களுக்கோ அது வேறொரு கணக்கு. மரத்துக்கு வரி கட்டி இறக்கலாம், ஆனால் ஊர் நடுவில் கூடியிருந்து குடிக்க இடமில்லை. கள் பனங்காணிகளுக்கும் வேலியோரங்களுக்கும் போனது. யார் எங்கே இருந்து குடிப்பது, யாருக்கு எதில் வார்ப்பது என்பதெல்லாம் எங்கள் ஊரில் சாதியின் விதிகள். மதுவரித் திணைக்களத்தின் ஏடுகளில் அவை இருக்காது. 1972க்குப் பிறகு கள் இறக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்தத் தொடங்கியபோதுதான் அந்தத் தொழிலாளர் தாங்களே விற்பனையாளரானார்கள். அந்தத் தவறணைகளைக் கேவலமாகப் பேசிய வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். அந்தப் பேச்சில் குடியின் மேலுள்ள வெறுப்பு எவ்வளவு, குடித்தவர்கள் மேலிருந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. (தவறணையும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். வாங்குங்கூட அவர்களுடையதே.)

திரும்பவும் ஜேர்மனிக்கு. 1930இன் சட்டத்துக்குப் பதிலாக 1970இல் வந்த மதுச்சாலைச் சட்டமே இன்றும் ஹம்பேர்க்கில் நடைமுறையில் உள்ளது. அதில் எனக்குப் பிடித்தது ஆறாம் பிரிவு. மலிவான மதுவைவிட விலை கூடாத மதுவற்ற பானம் ஒன்றாவது பட்டியலில் இருக்கவேண்டும் என்கிறது. அப்பிள் சாற்றுப் பிரிவு என்று சனங்கள் அதைச் சொல்வார்கள். பன்னிரண்டாம் பிரிவு விசேட நிகழ்வுகளுக்குத் தற்காலிக அனுமதி தருகிறது. துறைமுகப் பிறந்தநாள் போன்ற விழாக்களில் வெளியில் பியர் ஊற்றுவதற்கு வழிசெய்வது இதுதான். தமிழ்நாட்டிலும் 2023இல் இதேபோன்ற ஒன்றைக் கொண்டுவர முயன்றார்கள். மாநாட்டு மண்டபம், விளையாட்டரங்கம், திருமண மண்டபம் ஆகியவற்றில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று 1981ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபத்தை நீக்கினார்கள். 2003 முதல் அரசே கடை வைத்து விற்கும் மாநிலத்தில், கலியாண வீட்டு வாசலில்தான் மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

சட்டம் கடைக்குள் நடப்பதைக் கவனிக்கும், தெரு வேறு. ஜேர்மன் சட்டத்தில் தெரு எல்லோருக்கும் பொது. நடக்கலாம், நிற்கலாம், பேசலாம். நின்றபடி ஒரு போத்தல் குடிப்பதும் பொதுவாக அதற்குள் அடங்கும். ஆனால் நடைபாதையில் மேசை போடுவது 'விசேட பாவனை'. அதற்குத் தனி அனுமதி, கட்டணம். அதாவது, மேசைக்காரர் பொதுத் தெருவில் ஒரு துண்டை வாடகைக்கு எடுக்கிறார். நிற்பவர் எதையும் எடுக்கவில்லை. பழைய தர்க்கப்படி பார்த்தால் நிற்பவரின் உரிமையே இயல்பானது, மேசையே விதிவிலக்கு. 2024இன் தடை இதைத் தலைகீழாக்கியது.

நீதிமன்றங்கள் இந்தப் பொதுப் பாவனையை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ப்ரைபேர்க் நகரம் தன் மதுச்சாலைத் தெருக்களில் வெளியே குடிப்பதைத் தடைசெய்தபோது, மன்ஹைமில் உள்ள மாநில நிர்வாக நீதிமன்றம் 2009 ஜூலையில் அதைச் செல்லாது என்றது. சிலர் குடித்துச் சண்டை பிடிக்கிறார்கள் என்பதற்காகக் குடிக்கிற எல்லோரையும் ஆபத்தாகக் கருத முடியாது என்பதே அதன் சாரம்.

அதனால்தானோ என்னவோ, ஹம்பேர்க் நீண்ட காலம் குடியை நேரே தொடவில்லை, அதைச் சுற்றியிருந்தவற்றைத் தொட்டது. 2009இல் றீப்பர்பான் பகுதியில் வார இறுதி இரவுகளில் கண்ணாடிப் போத்தல் தடை. உள்ளே இருப்பது பிரச்சினை இல்லை, போத்தல்தான் பிரச்சினை. 2011 செப்ரெம்பரில் நகரப் போக்குவரத்து வண்டிகளில் குடிக்கத் தடை. ஒக்ரோபர் முதல் அதற்கு 40 யூரோ தண்டம். தண்டம் தொடங்குவதற்கு முதல்நாள் இரவு ஆயிரக்கணக்கானோர் 'பிரியாவிடைக் குடி' என்று வண்டிகளில் ஏறி, பெட்டிகள் பலவற்றைச் சேதப்படுத்திவிட்டுத்தான் இறங்கினார்கள். 2020 கோடையில் பெருந்தொற்றைக் காரணங்காட்டி ஷான்ட்சன் போன்ற பகுதிகளில் வார இறுதி இரவுகளில் எடுத்துச்செல்லும் மது விற்பனை நிறுத்தப்பட்டது. அங்கே இளைஞர்கள் சிறுகடையில் பியர் வாங்கி மூலையில் கூடி நிற்பார்கள். அதற்கு 'கோர்னர்ன்' என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. மதுச்சாலை விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு மாலை கழிந்துவிடும்.

இந்த இடத்தில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இரவு பத்து மணிக்கு என் மகள் இறங்கி வரும்போது முன்றல் அமைதியாக இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே முன்னர் இருந்தவர்கள் குடியை விட்டுவிடவில்லை, சங்க்ட் கேயோர்க்கின் பக்கத்துத் தெருக்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். தடை வந்தால் நடப்பது இதுதான் என்று சமூகப் பணியாளர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தெருக்களில்தான் எங்கள் ஆட்கள் மரக்கறியும் மீனும் வாங்கப் போகிறார்கள்.

எண்பதுகளில் இங்கே வந்து இறங்கிய எங்கள் அண்ணன்மாரில் பலர் மதுச்சாலைக் குசினிகளில் கோப்பை கழுவினார்கள். சிலர் இரவில் மேசை மேசையாக ரோசாப்பூ விற்றார்கள். வேலை அனுமதி இல்லாத காலங்களில், போக வேறிடமின்றி, இதே நிலையத்து வாங்குகளில் ஒரு பியருடன் ஊர்க்கதை பேசியவர்களும் உண்டு. அன்றைக்குக் கதிரையில் இருந்து குடிக்க அவர்களிடம் காசு இருக்கவில்லை.